இளைஞரும் இணையத் தமிழ்ப் பணியும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நம் இல்லங்களில் தமிழ் ஒலிக்கின்றது. நம் பிள்ளைகளின் பள்ளிகளில் அது ஒலிப்பதில்லை. சிறு வயதில் சங்கத்தின் ஞாயிறு வகுப்பிற்கு ஓடி வரும் குழந்தைகள், ஒன்பதாம் வகுப்பை எட்டியதும் வாராது நின்றுவிடுகின்றனர். தேர்வுச் சுமை ஒரு காரணந்தான். அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. பதினைந்து வயது நிரம்பியவர்க்கும் நாம் எழுத்துக்கூட்டும் பாடத்தையே நீட்டுகின்றோம். அவ்வயதினர் விழைவது பயனுள்ள பணி. பலரோடு கூடிச் செய்யும் பணி.

அத்தகைய பணி இணையத்தில் காத்திருக்கின்றது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். வெவ்வேறு நாடுகளில் வாழும் தமிழர்கள், ஊதியம் கருதாது, பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதியும் பிழை திருத்தியும் இணையத்தில் ஏற்றினர். அவ்வழியிலேயே இன்று விக்கிமூலம் நடைபெறுகின்றது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்களும், நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களும் அங்கே இடம்பெறுகின்றன.

அங்கே வேலை நடக்கும் முறை எளியது. திரையின் ஒரு பாதியில் பழைய நூற்பக்கத்தின் படம். மறு பாதியில் கணினி அதனைப் படித்துத் தந்த எழுத்து. கணினியோ துணைக்காலை ‘ர’ என்று மயங்கும், புள்ளியை விழுங்கும். 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான ‘லை’, ‘னை’, ‘ணா’, ‘றா’ ஆகியவற்றின் பழைய வடிவங்களைக் கண்டு திகைக்கும். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவது மனிதர் கடமை. திருத்தாத பக்கம் சிவப்பு; ஒருவர் திருத்தியது மஞ்சள்; மற்றொருவர் சரிபார்த்தபின் பச்சை. முதலில் திருத்தியவரே பச்சை நிறம் தருதல் இயலாது. இவ்விதியே ‘கூட்டு முயற்சி’ என்னும் சொல்லுக்கு உயிர் தருகின்றது.

இதனால் மாணவர் பெறுவது யாது? எழுத்தெழுத்தாகப் படிக்கும் பொறுமை. நூலாசிரியர் எழுதியதைத் தம் விருப்பம்போல் மாற்றாத நேர்மை. பிறர் தம் பிழையைச் சுட்டும்போது ஏற்கும் பண்பு. ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடம் கண்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது மேற்கொண்ட உழைப்பின் அருமையை, ஒரு பக்கம் திருத்திய மாணவன் தானே உணர்வான்.

“மேலும் இணையமா? மதிப்பெண் என்னாவது?” என்று பெற்றோர் வினவுவது நியாயமே. வாரம் ஒரு மணி நேரம் போதும். அதுவும் சங்கக் கூடத்தில், ஆசிரியர் முன்னிலையில், நண்பர் நால்வரோடு கூடியிருந்து செய்யட்டும். இயற்பெயரும் பள்ளிப் பெயரும் வெளியிடாது, புனைபெயரில் கணக்குத் தொடங்கட்டும். ஒன்று மட்டும் வேண்டுகின்றோம்: பிள்ளைகளின் பக்கத்தைப் பெற்றோர் திருத்தித் தர வேண்டா. ஐயம் எழுந்தால் பாட்டனாரிடம் கேட்கட்டும். பழைய அச்செழுத்தைப் படித்துப் பழகிய கண்கள் நம் காலனியில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே அவ்வறிவைப் பெற்றுக்கொள்ளாவிடில், பின்னர் யாரிடம் கேட்போம்?

ஆகவே, வரும் ஆண்டில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கூடி நூறு பக்க உரைநடை நூல் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். பத்து மாணவர் என்றால் ஆளுக்குப் பத்துப் பக்கம் திருத்தம்; வேறொருவரின் பத்துப் பக்கம் சரிபார்ப்பு. அடுத்த ஆண்டு விழாவிற்குள் ஒரு நூல் முழுவதும் பச்சையாகும். அதனை மதுரையில் இருப்பவரும் படிப்பர். மலேசியாவில் இருப்பவரும் படிப்பர். தமிழ்நாட்டிலிருந்து தமிழைப் பெற்றுக்கொண்டே வந்த நாம், நம் பிள்ளைகளின் கையால் அந்நாட்டிற்கு ஒரு நூலை அளித்தவர்கள் ஆவோம்.

இளைஞர்களே, பணி உங்களுடையது. கூடமும் கணினியும் ஊக்கமும் தருதல் எம் கடமை. வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!