மெல்ல வரும் நோயை இனங்காணல்



இக்கல்லூரியிற் படித்து வைத்தியர்களான நாங்கள் ஒன்றை மட்டும் சொல்ல வந்தோம். மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்னும் நரம்பு நோய் பெரும்பாலும் திடீரென வந்து தணியும். சிலருக்கோ, நாற்பது வயதளவில், தொடக்கம் முதலே மெல்ல மெல்லக் கூடும். நடை தளர்ந்தால் முழங்கால் தேய்வு என்று இருந்துவிடுகிறோம்.

இதைத் தனியொரு சோதனை காட்டாது. 2017ஆம் ஆண்டின் மக்டொனால்ட் விதிகளின்படி இயலாமை ஓராண்டாகக் கூடிவந்திருக்க வேண்டியிருந்தது. அத்துடன் மூளையில் வடு, முண்ணாணில் இரண்டு வடுக்களேனும், முண்ணாண் நீரில் பிறபொருளெதிரிப் பட்டைகள் ஆகிய மூன்றில் இரண்டு வேண்டியிருந்தன.

அந்த ஓராண்டை ஒரு ஸ்கான் சொல்லாது; நீங்களே சொல்ல வேண்டும். படியேறக் கைபிடி தேவைப்பட்ட மாதத்தைக் குறித்து வையுங்கள். வைத்தியரிடம் அதைக் காட்டுங்கள்.