காலியாக இருப்பதே அதன் கடமை



அணைக்கட்டு என்றதும் கடல்போல் தேங்கிய தண்ணீரும் மலைபோல் எழுந்த கான்கிரீட் சுவரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இன்றைய பேச்சு அப்படிப்பட்ட அணையைப் பற்றியதல்ல. நாட்டுப்புறத்து ஓடை ஒன்றின் குறுக்கே களிமண்ணைக் கொட்டி, உருளையால் இறுக்கி, மேலே புல் வளர்த்துவிட்ட சிறிய மண் அணையைப் பற்றியது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு மேடாகத்தான் தெரியும். பின்புறம் குளம்போல் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். அவ்வளவுதான்.

நம் முன்னோர் வெட்டிய ஏரிக்கும் கரை உண்டு, மதகு உண்டு, கலங்கல் உண்டு. இந்த அணைக்கும் இம்மூன்றும் உண்டு. ஆனால் நோக்கம் நேர்மாறானது. ஏரி நிறைந்திருந்தால்தான் ஊருக்கு நல்லது. வெள்ளத் தடுப்பு அணையோ பெரும்பகுதி காலியாக இருந்தால்தான் ஊருக்கு நல்லது. நாளை வரப்போகும் வெள்ளத்துக்கு இன்றே இடம் ஒதுக்கி வைத்திருப்பதுதான் அதன் கடமை.

இத்தகைய அணைகளை ஆயிரக்கணக்கில் கட்டிய நாடு அமெரிக்கா. அதற்கு வழிகாட்டியது ஒக்லஹோமா மாநிலத்தின் வாஷிட்டா ஆற்றுப் பகுதி. 1934ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அங்கே கொட்டிய பெருமழையில் ஹாமன் என்ற சிற்றூருக்கு அருகே ஆறு பொங்கி 17 பேரைக் கொண்டு போனது. புல்வெளிகளை உழுது பயிரிட்டிருந்த நிலம் அது. மழை நீரைப் பிடித்து வைக்க வேர் இல்லை. தண்ணீரோடு மேல்மண்ணும் சேர்ந்து ஓடியது.

பெரிய ஆற்றில் பெரிய அணை ஒன்றைக் கட்டினால் அதற்குக் கீழே உள்ள நகரங்கள் பிழைக்கும். மேலே சிற்றோடைகளின் ஓரத்தில் பயிர் செய்யும் விவசாயிக்கு அதனால் என்ன பயன்? வெள்ளம் அவர் வயலை அழித்த பிறகுதானே அந்த அணையைச் சென்றடைகிறது! ஆகவே மழை விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஓடைக்கு ஓர் அணையாக வெள்ளத்தைப் பிடிக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் வாஷிட்டா உட்பட 11 ஆற்றுப் படுகைகளில் இந்த வேலைக்கு அனுமதி தந்தது. 1948 ஜூலையில் கோர்டெல் நகருக்கு அருகே கிளவுட் என்ற ஓடையில் இத்திட்டத்தின் முதல் அணை கட்டி முடிக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டு இன்னொரு சட்டம் இதை நாடு முழுவதற்கும் விரித்தது. இன்று 47 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 அணைகள் உள்ளன. ஒக்லஹோமாவில் மட்டும் 2,100க்கு மேல்.

இந்த அணை வேலை செய்யும் விதம் எளிமையானது. கரைக்கு உட்புறம் நீருக்குள் ஒரு கான்கிரீட் கோபுரம் நிற்கும். ஓடை நீர் அதன் வாய் வரை உயர்ந்ததும் உள்ளே விழுந்து, கரையின் அடியில் புதைத்த குழாய் வழியாக மறுபுறம் போய்விடும். சாதாரண மழைக்கு இதுவே போதும். பெருமழையில் வரும் நீர் குழாய் கொள்ளும் அளவை மிஞ்சும். அப்போது மிஞ்சிய நீர் கரைக்குப் பின்னால் தேங்கி உயரும். மழை விட்ட பிறகு அது சுமார் 10 நாளில் வடிந்து, அடுத்த மழைக்கு இடம் தயாராகிவிடும்படி குழாயின் அளவைக் கணக்கிடுகிறார்கள். கதவைத் திறக்கவோ மூடவோ ஆள் தேவையில்லை. இதையும் மிஞ்சும் பேய்மழை வந்தால்? கரையின் ஓரத்தில், அதன் உச்சியைவிடத் தாழ்வாக வெட்டப்பட்ட அகலமான புல் வாய்க்கால் வழியாக நீர் வெளியேறும். நம் ஏரியின் கலங்கலைப் போன்றது அது.

மண் அணைக்கு எதிரிகள் பலர். முதல் எதிரி கரைக்கு மேலே வழியும் தண்ணீர். கான்கிரீட் அணையின் மேல் நீர் வழிந்தாலும் அது தாங்கக்கூடும். மண் கரை அப்படியல்ல. அரிப்பு தொடங்கிவிட்டால் சில மணி நேரத்தில் உடைந்துவிடலாம். இரண்டாவது எதிரி கரைக்குள்ளேயே கசியும் நீர். அது மண் துகள்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சென்று உள்ளே ஒரு சுரங்கத்தையே உண்டாக்கும். கரையில் முளைக்கும் மரத்தின் வேரும், வளை தோண்டும் விலங்கும் அந்தச் சுரங்கத்துக்கு வழி அமைத்துக் கொடுக்கும். துருப்பிடித்த இரும்புக் குழாயும் அப்படியே. ஒக்லஹோமாவிலும் மிசிசிப்பியிலும் சில சிறிய அணைகள் முதன்முறை நீர் நிரம்பியபோதே உடைந்தன. காரணத்தை ஆராய்ந்த பொறியாளர்கள், சோடியம் மிகுந்த ஒருவகைக் களிமண் தண்ணீர் பட்டவுடன் தானே கரைந்து பிரிந்துவிடுவதைக் கண்டறிந்தார்கள். கசிவு நீரை வெளியே விட்டு, மண்ணை மட்டும் பிடித்து நிறுத்தும் மணல் அடுக்குகளைக் கரைக்குள் வைக்கும் பழக்கம் பரவ அந்த அனுபவமும் ஒரு காரணம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. அது மறதி.

அணை வருவதற்கு முன் அந்தப் பள்ளத்தில் வெள்ளம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் அங்கே வீடு கட்ட மாட்டார்கள். அணை வந்த பிறகு பத்து ஆண்டு, இருபது ஆண்டு வெள்ளமே இல்லை. புதிய தலைமுறைக்கு அது நல்ல சமதளமான நிலம். விலையும் மலிவு. ஒரு வீடு வருகிறது, பிறகு ஒரு சாலை, பிறகு ஒரு பள்ளிக்கூடம். சோள வயலைக் காக்கக் கட்டிய அணைக்குக் கீழே இப்போது குழந்தைகள் உறங்குகிறார்கள்.

அமெரிக்காவில் அணைகளை அபாய அளவின்படி தரம் பிரிக்கிறார்கள். ‘அதிக அபாயம்’ என்ற தரம் அணை பலவீனமானது என்று சொல்வதில்லை. உடைந்தால் மனித உயிர் போகக்கூடும் என்றுதான் சொல்கிறது. ஆகவே அணையில் ஒரு கைப்பிடி மண்கூட மாறாமல், கீழே வீடுகள் எழுந்ததாலேயே அதன் தரம் மாறிவிடுகிறது. அப்படி மாறினால் முன்பைவிடப் பெரிய மழையைத் தாங்கும்படி கரையை உயர்த்த வேண்டும், புல் வாய்க்காலை அகலப்படுத்த வேண்டும். அந்தச் செலவு கீழே மனைகளை விற்றவரைத் தேடிப் போவதில்லை. அணையைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்ற உள்ளூர் அமைப்பின் தலையில்தான் விழுகிறது.

இந்த அணைகளில் பெரும்பாலானவை 50 ஆண்டு ஆயுளுக்காகக் கட்டப்பட்டவை. 1998இல் முதல் அணைக்கு அந்த வயது நிறைந்தது. கட்டுவதற்குப் பணம் கொடுத்த சட்டத்தில் புதுப்பிக்கப் பணம் இல்லை. ஒக்லஹோமாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஃபிராங்க் லூக்கஸ் முன்னின்று கொண்டு வந்த சட்டத்திருத்தம் 2000ஆம் ஆண்டில் அந்தக் குறையைத் தீர்க்க முயன்றது. புதுப்பிக்கும் செலவில் 65 விழுக்காடு வரை மத்திய அரசாங்கம் தரும். மீதியை உள்ளூர் தேட வேண்டும். செயென் என்ற சிற்றூருக்கு அருகே சார்ஜண்ட் மேஜர் ஓடையில் இருந்த அணைதான் முதலில் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் வரிசையில் காத்திருக்கும் அணைகள் ஏராளம்.

இது எங்கோ தூர தேசத்துக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஜொகூர் மாநிலத்தின் செம்புரோங், பெக்கோக், மாச்சாப் அணைகளும் வெள்ளத்தைத் தணிப்பதற்காகக் கட்டப்பட்டவையே. செம்புரோங் அணை குடிநீருக்கும் பயன்படுகிறது. அங்கேதான் ஒரு சிக்கல். குடிநீருக்கு அணை நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத் தடுப்புக்குக் காலியாக இருக்க வேண்டும். ஒரே பாத்திரத்தை இரண்டு பேர் கேட்கும் கதை இது. வறட்சிக் காலத்தில் எல்லார் கண்ணும் தண்ணீர் மட்டத்தின் மீது இருக்கும். ஆனால் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் வந்த பெருவெள்ளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. பாத்திரத்தில் காலியிடம் எதற்கு என்ற கேள்விக்கு அதுவே பதில்.

அணை இருக்கும் வட்டாரத்தில் குடியிருப்போர் சில கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். அணை உடைந்தால் தண்ணீர் எந்தத் தெரு வரை வரும் என்ற வரைபடம் இருக்கிறதா? எச்சரிக்கை எப்படி வரும், எந்த வழியாக மேட்டுக்குப் போவது? வாங்கப் போகும் வீடு அந்த வரைபடத்துக்குள் இருக்கிறதா? கரையில் மரம் முளைத்தாலோ, அடிவாரத்தில் கலங்கல் நீர் கசிந்தாலோ யாரிடம் சொல்வது? தெளிந்த நீர் கசிவதைவிடச் செந்நீர் கசிவது மோசம். அது கரையின் மண்ணை உள்ளிருந்து எடுத்துக்கொண்டு வருகிறது என்று பொருள்.

அணையும் ஒரு காவலாளிதான். திருடன் வராத ஊரில் காவலாளிக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்பது எளிது. அவன் இருப்பதால்தான் திருடன் வரவில்லை என்பதை உணர்ந்தவர்கள் ஆண்டுதோறும் கரையின் புல்லை வெட்டுவார்கள், குழாயைச் சோதிப்பார்கள், பள்ளத்தில் வீடு கட்ட விட மாட்டார்கள். இந்த மூன்றையும் வெயில் காலத்திலேயே செய்துவிட வேண்டும். மழை தொடங்கிய பிறகு நேரம் இருக்காது.