பூட்டிய வீடும் நம்பிக்கையான குடித்தனமும்



உத்திரமேரூருக்கு வருகின்றவர்கள் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்வெட்டுகளைக் கண்டு, குடவோலை முறையை வியந்து, அடுத்த பேருந்தில் திரும்பிவிடுகின்றனர். முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவ்விதிகளுள், பலரும் கருதாது விடும் இரண்டினை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

வாரியத்துக்குப் பெயர் எழுதப்படுவோர் இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு வாழ்பவராகவும் இருத்தல் வேண்டும் என்பது ஒரு விதி. பிறர் மனையில் குடியிருப்போர்க்கு அன்றைய சபையில் இடமில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி அற்றவர் என்பது மற்றொரு விதி. முதல் விதி காலத்தோடு போயிற்று, போனதும் நன்றே. இரண்டாவது விதியோ இன்றும் உயிருள்ளது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட வாடகை வீட்டுப் பொருளுக்கும் அதுவே அடிப்படை.

எங்கள் வட்டாரத்தில் தெருவுக்கு ஓரிரு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பெற்றோர் மறைந்தனர், மக்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ வாழ்கின்றனர். ஆளில்லாத வீட்டில் முதலில் ஓடு சரிகிறது. பின்னர் மழைநீர் இறங்கி உத்தரத்தை நனைக்கிறது. அதன்பின் கறையான் தன் வேலையைத் தொடங்குகிறது. அதே தெருவில் மாற்றலாகி வந்த ஆசிரியரோ வங்கி ஊழியரோ குடியிருக்க வீடின்றி அலைகின்றார். இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே நிகழ்கின்றன?

அச்சமே காரணம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்போரைக் காத்தது. ஆயினும், ஒருமுறை வாடகைக்கு விட்டால் வீடு திரும்பக் கிடைக்குமோ என்னும் ஐயம் உரிமையாளர் நெஞ்சில் வேரூன்றிவிட்டது. அதற்கு மாற்றாக 2017இல் இயற்றப்பெற்ற சட்டம் 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் அமைய வேண்டும். அது வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. சினம் கொண்டு தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாகாது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டுப் பழகிய சென்னை வீட்டுக்காரர்களுக்கு இது கசந்திருக்கும். இச்சட்டம் உரிமையாளரின் சார்பில் வீட்டைப் பேணும் மேலாளர் என்பவரையும் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டுள்ளது. ரசீது கொடுத்து வாடகை பெறுதல், பழுது பார்த்தல், அவ்வப்போது வீட்டைப் பார்வையிடல், பிணக்குத் தீர்க்க உதவுதல் ஆகியன அவருடைய பணிகள்.

இவ்வகைப் பணியை ஒரு தொழிலாக வளர்த்தவருள் முதன்மையானவர் இலண்டன் நகரத்து ஆக்டேவியா ஹில் என்னும் அம்மையார். 1865இல் ஜான் ரஸ்கின், மேரிலிபோன் பகுதியில் பாழ்பட்டுக் கிடந்த மூன்று வீடுகளை வாங்கி, மேற்பார்வையை அவரிடம் ஒப்படைத்தார். இட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வருவாய் வர வேண்டும் என்பது ஏற்பாடு. தருமம் என்று தொடங்கினால் பிறர் பின்பற்ற மாட்டார். வருவாய் வந்தால் பின்பற்றுவர் என்பது ரஸ்கினின் கணக்கு. அம்மையார் வாரந்தோறும் நேரில் சென்று வாடகை பெற்றார். பாக்கி வைப்பதில் அவர் கண்டிப்பானவர். ஆனால் பழுதுபார்ப்புக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி, அதில் மிஞ்சியதைக் குடியிருப்போர் விரும்பிய வசதிக்கே செலவிட்டார். சன்னலை உடைத்தால் தமக்கு வரவேண்டிய வசதி குறையும் என்பதை அவர்களே உணர்ந்தனர். நற்குடித்தனத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட, இருக்கும் குடித்தனத்தை நற்குடித்தனமாக்குவது எளிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறு வேண்டுவதில்லை. அவரிடம் பயின்ற பெண்கள் பலர் இத்தொழிலை மேற்கொண்டனர்; அவர் 1912இல் மறைந்தபின், 1916இல் பெண் மேலாளர்களுக்கென ஒரு சங்கமே தோன்றியது.

தரகருக்கும் மேலாளருக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் நன்கு அறிதல் வேண்டும். தரகருக்குக் குடித்தனம் மாறுந்தோறும் கூலி. மேலாளருக்கோ மாதந்தோறும் வரும் வாடகையில் ஒரு பங்கு. குடித்தனம் நிலைத்தால்தான் அவருக்கு வருவாய். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6,500 ரூபாய் கேட்டு, இரண்டு மாதம் வீடு காலியாக நின்றால், ஆண்டு வரவு 65,000 ரூபாய். தரகருக்கு ஒரு மாத வாடகை கழித்தால் 58,500. 6,000 ரூபாய்க்கு நல்லவர் ஒருவர் பன்னிரண்டு மாதமும் இருந்தால் 72,000; மேலாளருக்கு நூற்றுக்குப் பத்து வீதம் கொடுத்தாலும் 64,800 எஞ்சும். வாடகையை ஐந்நூறு ரூபாய் ஏற்றுவதில் பெருமை கொள்வோர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

இனி, நம்பத்தக்கவரை எவ்வாறு அறிவது? ‘என்ன சாதி, என்ன சாப்பாடு?’ என்பதே நம் தெருக்களில் முதற் கேள்வியாக இருக்கின்றது. நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் பிள்ளைகளைப் பார்த்தவன் என்னும் உரிமையில் சொல்கிறேன்: அக்கேள்விகளின் விடைக்கும், ஐந்தாம் தேதி வாடகை வருவதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவற்றால் நல்ல குடித்தனங்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம். அஃது அநீதி என்பது ஒருபுறம் இருக்க, நட்டமும் ஆகும். கேட்கத்தக்கவை வேறு: வருவாய் வாடகையைத் தாங்குமா? வேலை நிலையானதா? முன்னிருந்த வீட்டை ஏன் விட்டார்? இதனை விசாரிக்கையில் இப்போதைய வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டு அமையலாகாது. தொல்லை தருபவரை அனுப்பிவிட எண்ணும் ஒருவர் அவரைப் புகழ்ந்தே பேசுவார். அதற்கு முந்திய வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்; அவருக்கு மறைக்க ஒன்றும் இராது.

மேலாளரையும் அவ்வாறே ஆராய்க. பக்கத்து வீட்டு உறவினரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, ‘நம்மவர்தாமே, கணக்கு எதற்கு?’ என்று இருப்பது நம் ஊர் வழக்கம். நம்மவர் என்பதற்காகக் கணக்குக் கேட்பதை விட்டவர்கள் பராந்தகன் காலத்து உத்திரமேரூரார் அல்லர். அங்கே உறவும் சேர்ந்தே தண்டிக்கப்பட்டது. வாடகை வரவு, பழுதுச் செலவு, தொழிலாளியின் ரசீது ஆகியவை மாதந்தோறும் உரிமையாளர் கைக்கு வர வேண்டும். குடித்தனம் புகும் நாளில் மின்மானியின் எண்ணிக்கை, சாவிகளின் எண்ணிக்கை, சுவர், கதவு, குழாய் ஆகியவற்றின் நிலை அனைத்தையும் இரு படிகளாக எழுதி, இரு தரப்பாரும் கையொப்பமிட வேண்டும்; கைப்பேசியில் படமும் எடுத்து வைக்கலாம். வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்பதையும் அன்றே எழுதிவிட்டால், பின்னாளில் எழும் சச்சரவுகளில் பாதி எழாது.

வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் மேலாளருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க நேரலாம். அதில் வாடகை பெறவும், பழுது பார்க்கவும், அறிவிப்புக் கொடுக்கவும் மட்டும் உரிமை தருக. விற்பதற்கும் அடகு வைப்பதற்கும் ஒரு சொல்லும் அதில் இடம்பெறலாகாது.