யாழ்ப்பாண நகரின் போக்குவரத்தும் வாணிபமும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எமது நகரின் போக்குவரத்தைப் பற்றியும், அதனால் வாணிபத்துக்கு விளையும் நன்மையைப் பற்றியும் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். இது கடைக்காரருக்கு மட்டும் உரிய விஷயம் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். தோட்டத்திலே வெங்காயம் நடுபவருக்கும், கடலிலே வலை வீசுபவருக்கும், படிப்பை முடித்து உத்தியோகம் தேடும் இளைஞருக்கும் இது சோற்றோடு சம்பந்தப்பட்ட விஷயமாகும். ஆகவே யாவரும் சற்றுச் செவிகொடுக்குமாறு வேண்டுகிறேன்.

முதலிலே எமது ஊரின் இருப்பைப் பாருங்கள். யாழ்ப்பாணம் ஒரு குடாநாடு. கடலும் கடனீரேரியும் அதனைச் சூழ்ந்திருக்கின்றன. தெற்கே போகும் பெருந்தெருவுக்கு ஆனையிறவு என்னும் ஒடுங்கிய வாயில் ஒன்றே நெடுங்காலம் இருந்தது. ஒல்லாந்தர் காலத்திலே வன்னியிற் பிடித்த யானைகளை இவ்வழியால் ஆழமில்லாத நீரிலே நடத்திக் கொண்டுவந்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றனர். நாம் இன்று பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துச் செல்லும் அவ்விடத்தின் பெயரே ஒரு பழைய வியாபாரப் பாதையை நினைவூட்டுகின்றது.

தரைவழி ஒடுங்கியதாயினும் கடல்வழி அகன்றதாய் இருந்தது. எமது புகையிலை தோணியேறித் திருவிதாங்கூருக்குச் சென்றது. வல்வெட்டித்துறைக் கப்பலோட்டிகள் வங்கக் கடலைத் தம் வீட்டு முற்றம் போல அறிந்திருந்தனர். அவ்வூரிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை சென்று சேர்ந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

பின்பு புகையிரதம் வந்தது. 1902ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதலில் வண்டி ஓடிற்று. 1905ஆம் ஆண்டு ஓகஸ்டிலே பாதை முற்றுப்பெற்றுக் கொழும்போடு எம்மை இணைத்தது. அதன்பின் யாழ்ப்பாணத்து வியாபாரியின் முகம் தெற்கு நோக்கித் திரும்பிற்று. சிங்கள ஊர்களிலே எம்மவர் நடத்திய கடைகளைச் சுருட்டுக்கடை என்றே அவ்வூர் மக்கள் அழைத்தனர். இங்கே கொட்டிலிலே சுற்றிய சுருட்டு அங்கே விலைபோயிற்று. அங்கே சம்பாதித்த பணம் இங்கே வீடாகவும் கிணறாகவும் பிள்ளைகளின் படிப்பாகவும் மாறிற்று. 1950இல் காங்கேசன்துறையிலே சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. எமது நிலத்துச் சுண்ணாம்புக் கல் சீமெந்தாகி வெளியூர்களுக்குப் போயிற்று. 1956 ஏப்பிரலிலே யாழ்தேவி ஓடத் தொடங்கியது.

அன்பர்களே! ஒரு நல்ல பாதை வியாபாரிக்குச் செய்யும் உபகாரம் யாது? சரக்கு விரைவாக வரும் என்பது எல்லோரும் அறிந்தது. அதனிலும் பெரிய உபகாரம் ஒன்றுண்டு. நாளொன்றுக்குப் பத்து மூடை சீனி விற்கும் ஒரு கடையை எண்ணிப் பாருங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை லொறி தவறாமல் வருமாயின் கையிருப்பு இருபது மூடை போதும். மாதம் ஒருமுறை கப்பல் வருமென்றால் முந்நூறு மூடையை அடுக்கிவைக்க வேண்டும். அந்த இருநூற்றெண்பது மூடைக்கு உரிய பணம் களஞ்சியத்திலே சும்மா கிடக்கிறது. வட்டி ஏறுகிறது, எலி தின்கிறது, ஈரம் பிடிக்கிறது. அவ்வளவும் ஈற்றில் வாங்குபவர் தலையிலேயே விழுகிறது. ஒழுங்காக ஓடும் வண்டி வியாபாரியின் முதலை விடுவித்துக் கொடுக்கிறது. விடுபட்ட முதல் வேறொரு தொழிலுக்கு விதையாகிறது.

இவ்வுண்மையை நூல்களைப் படித்து அறியவேண்டிய அவசியம் எமக்கு இல்லை. 1990இல் புகையிரதம் நின்றது. சீமெந்துத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. தரைவழி அடைபட்ட காலத்திலே கிளாலிக் கடனீரேரியை மக்கள் இரவிலே வள்ளத்தில் உயிரைப் பணயம் வைத்துக் கடந்தனர். பின்னர் திருகோணமலையிலிருந்து வரும் கப்பலை நோக்கிக் காத்திருந்தோம். 2002இல் கண்டி வீதி திறந்தது; 2006 ஓகஸ்டிலே மீண்டும் மூடியது. அக்காலத்தைக் கண்ட பெரியோர் பலர் இச்சபையிலே இருக்கிறார்கள். வெளியிலிருந்து வரவேண்டிய சீனியும் மாவும் மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்கு ஏறின. வெளியே செல்லவேண்டிய எமது விளைபொருளோ விலையிறங்கிற்று. ஆகவே தோட்டக்காரர் வாங்குவதற்கு அதிகம் கொடுத்து, விற்பதற்குக் குறைவாகப் பெற்றார். பாதை அடைபட்டால் ஒரே குடும்பம் இரண்டு பக்கத்தாலும் அடிபடும் என்பதை நாம் அநுபவித்தே அறிந்தோம்.

2009இல் யுத்தம் முடிந்தபின் பாதைகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. 2011 ஜனவரியிலே சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டுப் பூநகரி வழியாக மன்னாருக்குப் போகும் வழி கிடைத்தது. 2014 ஒக்டோபரிலே புகையிரதம் யாழ்ப்பாண நிலையத்துக்கு மீண்டு வந்தது. அடுத்த ஜனவரியிலே காங்கேசன்துறையை அடைந்தது. 2019 ஒக்டோபரிலே பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே சென்னைக்கு விமானம் பறந்தது. 2020இல் நோய்ப்பரவலால் அது தடைப்பட்டு, 2022 டிசம்பரிலே மீண்டும் தொடங்கியது. 2023 ஒக்டோபரிலே நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் ஒன்றும் வந்தது.

இவற்றை எண்ணி மகிழ்வது நியாயமே. ஆயினும் இவ்விடத்திலே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பாதை திறந்தபோது அதன் வழியாக முதலில் வந்தவை எவை? தெற்கிலிருந்து பெட்டியிலடைத்த பண்டங்கள் வந்தன. வங்கிகளும் நிதி ஸ்தாபனங்களும் வந்து கிளை திறந்தன. தவணைக்கு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. வந்தவற்றை வேண்டாமென்று சொல்லுதல் பேதைமை. ஆனால் வந்த வண்டி திரும்பிப் போகும்போது எமது ஊரிலிருந்து எதனை ஏற்றிக்கொண்டு போகிறது? யான் இன்று சொல்லவந்த விஷயம் முழுவதும் இக்கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது.

கணக்காகவே பார்ப்போம். கொழும்புக்கும் எமக்கும் இடையே ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒரு லொறி வந்து திரும்ப நூறு பங்கு செலவென்று வைத்துக்கொள்வோம். திரும்பும்போது அது வெறுமையாய்ப் போனால் நூறு பங்கையும் அது கொண்டுவந்த அரிசியும் சவர்க்காரமுமே சுமக்கவேண்டும். திரும்பும்போதும் சுமை கிடைத்தால் அச்செலவு இரண்டாகப் பகிரப்படும். அப்போது இங்கு வரும் பண்டத்தின் கூலியும் குறையும், இங்கிருந்து போகும் பண்டத்தின் கூலியும் குறையும். ஆகவே எமது தோட்டத்து முருங்கைக்காயும் வெங்காயமும் கொழும்புச் சந்தைக்குப் போவது, யாழ்ப்பாணத்திலே சவர்க்காரம் வாங்கும் ஏழைக்கும் உதவியாகும். அக்காலத்துப் புகையிரதத்திலே புகையிலையும் சுருட்டும் சீமெந்தும் எமது பங்காக இருந்தன. இன்றைய வண்டிக்கு எமது பங்கு எது?

திரும்பும் வண்டியிலே எமது பிள்ளைகள் மட்டுமே ஏறிப் போகிறார்கள் என்ற நிலை வந்துவிடக் கூடாது. ஊரிலே தொழில் இல்லையாயின், எவ்வளவு அழகிய புகையிரத நிலையம் கட்டினாலும் அது பிரிவுக்கு உரிய இடமாகவே முடியும்.

இந்நிலைமையை மாற்ற நாம் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, தரம் பிரித்தலும் பொதி கட்டுதலும். நல்லதும் அழுகியதும் ஒரே சாக்கிலே கிடந்தால் அழுகியதன் விலையே நல்லதற்கும் கிடைக்கும். நண்டும் இறாலும் ஐஸிலே ஒழுங்காக அடுக்கப்பட்டாலன்றி நெடுந்தூரம் தாங்கா. இரண்டாவது, கூட்டுறவு. பத்துச் சாக்கு வெங்காயம் வைத்திருப்பவர் தனியே லொறி பிடிக்க முடியாது. அவர் தரகர் சொன்ன விலைக்குத் தலையசைக்கவே வேண்டும். இருபது பேர் கூடினால் ஒரு லொறி நிறையும். கூலியையும் விலையையும் பேசும் வல்லமை வரும். கூட்டுறவு எமது வடபகுதிக்குப் புதிதன்று. எமது முன்னோர் அதனைச் சிறப்புற நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவதை இளைஞர்களுக்கென்றே சொல்லுகிறேன். சரக்கு அனுப்புதல் ஒரு வித்தை. சுங்கப் பத்திரம் எழுதுதல், குளிர்க் களஞ்சியம் நடத்துதல், காப்புறுதிக் கணக்குப் பார்த்தல், விமானத்துக்கும் கப்பலுக்கும் ஏற்பப் பொதி கட்டுதல் ஆகியவை யாவும் படித்தவர் செய்யவேண்டிய தொழில்கள். உத்தியோகம் என்றால் அரசாங்க மேசை ஒன்றே என்று எண்ணாதீர்கள். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் சுமார் 60 கடல் மைல். கொழும்பை விட அக்கரை எமக்குக் கிட்டியது. அக்கடலிலே ஒருநாள் சரக்குக் கப்பல் ஒழுங்காக ஓடுமாயின், அதற்கு வேண்டிய பத்திரங்களை எழுத ஆட்களை வெளியூரிலிருந்து அழைத்துவரும் நிலை எமக்கு வரலாமா?

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம் காணிக்கும் நகைக்குமே போய்ச் சேருகிறது. அதிலே ஒரு சிறு பங்கு ஒரு பொதி கட்டும் நிலையத்துக்கோ, ஒரு குளிர் அறைக்கோ போகட்டும். பாதை போடுவது அரசாங்கத்தின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது எமது உரிமை. ஆனால் போட்ட பாதையை நிறைப்பது எவருடைய கையிலும் இல்லை, எமது கையிலேதான் இருக்கிறது.

இச்சங்கத்து இளைஞர் பத்துப்பேர் ஒன்று கூடி, எமது ஊரிலிருந்து வாரந்தோறும் எந்தப் பண்டம் எவ்வளவு வெளியே போகிறது, எந்தப் பண்டம் போகாமல் வீணாகிறது என்று ஒரு கணக்கு எடுப்பார்களாயின், அடுத்த ஆண்டு இதே மேடையிலே சொற்பொழிவுக்குப் பதிலாக அக்கணக்கையே வாசிக்கலாம். அது யான் பேசியதிலும் பயனுடையதாயிருக்கும்.