பிள்ளைகளுக்குப் பீடத்தருகே இடம் விடுவோம்



கடந்த ஆண்டு தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மறையுரை ஆற்றிக்கொண்டிருந்தபோது ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதது. சற்று நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒலிபெருக்கியிலேயே, "பிள்ளையைக் கொஞ்சம் வெளியே தூக்கிக்கொண்டு போங்கள்" என்று சொல்லிவிட்டேன். அந்தத் தாய் தலைகுனிந்தபடி எழுந்து போனார். அவருடைய ஐந்து வயது மகனும் பின்னாலேயே போனான். அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வீடு சந்திப்புக்குப் போனேன். அந்தச் சிறுவன் கதவோரம் நின்று தாயிடம் கேட்டான்: "நம்மள வெளிய போகச் சொன்ன ஃபாதர்தானே இவர்?"

அன்றைய மறையுரையில் என்ன சொன்னேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. அந்தக் கேள்வி மறக்கவில்லை.

மாற்கு நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில், பிள்ளைகளைக் கொண்டு வந்தவர்களைச் சீடர்கள் அதட்டுகிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை; போதகருக்கு இடையூறு கூடாது என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இயேசு பிள்ளைகள்மீது கோபப்படவில்லை, சீடர்கள்மீதே கோபம் கொண்டார். பிள்ளைகளுக்கு என்ன புரியும் என்று அவர் கேட்கவில்லை. முதலில் அவர்களை அரவணைத்துக்கொண்டார்.

"சாமி, சின்னப் பிள்ளைக்குப் பூசையில் என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் 10, 12, ஏன், 14 வயதுவரைகூடப் பல இடங்களில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை கொடுக்காமல் காத்திருந்தார்கள். 1910இல் திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் அதை மாற்றினார். சாதாரண அப்பத்திலிருந்து நற்கருணையை வேறுபடுத்தி அறியும் வயது, ஏறக்குறைய 7 வயது, போதும் என்றார். 1973இல் திருஅவை, சிறுவர் பங்கேற்கும் திருப்பலிகளுக்கென்றே ஒரு வழிகாட்டி ஏட்டை வெளியிட்டது. பெரியவர்களின் திருப்பலியிலும் பிள்ளைகளைப் பார்த்து அருள்பணியாளர் சில வார்த்தை பேசலாம். காணிக்கைப் பொருள்களைக் கொண்டுவரவும் பாடவும் அவர்களிடம் சில பணிகளைக் கொடுக்கலாம் என்று அது கூறுகிறது.

நம் பங்குகளில் சிறுவர் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. மறைக்கல்வி வகுப்பு, விவிலிய வினாடி வினா, கிறிஸ்மஸ் நாடகம், ஆண்டு விழா நடனம் எல்லாம் உண்டு. அங்கே பிள்ளைகளுக்குக் கை தட்டுகிறோம். அதே பிள்ளைகள் ஞாயிறு திருப்பலிக்கு வந்தால் கடைசி வரிசைக்கோ, வெளியே மரத்தடிக்கோ அனுப்பிவிடுகிறோம். நிகழ்ச்சிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை பிள்ளைகளைப் பீடத்துக்கு அழைத்து வர வேண்டும். மேடையோடு முடிந்துவிடக் கூடாது. வழிபாட்டில் அவர்கள் நமக்கு வேடிக்கை காட்ட வருவதில்லை. திருமுழுக்குப் பெற்ற இறைமக்களாகச் செபிக்க வருகிறார்கள்.

பெற்றோரே, சனிக்கிழமை இரவு மறுநாள் நற்செய்தியைக் கதையாகச் சொல்லுங்கள். கோவிலில் முன்வரிசையில் அமருங்கள். பெரியவர்களின் முதுகை மட்டுமே பார்க்கிற பிள்ளை எப்படிச் செபிக்கும்? குழந்தை அழுதால் தயங்காமல் வெளியே கொண்டுபோய்த் தேற்றுங்கள். ஆனால் திரும்பி வாருங்கள். பாடகர் குழுவினரே, பிள்ளைகளுக்குத் தெரிந்த பாடல் ஒன்றாவது பாடுங்கள். பெரியவர்களே, குழந்தை அழும்போது திரும்பி முறைக்காதீர்கள். அந்தத் தாய்க்கு ஒரு புன்னகை போதும். நானும் ஒவ்வொரு ஞாயிறும் மறையுரையில் இரண்டு நிமிடம் பிள்ளைகளோடு பேச முடிவு செய்திருக்கிறேன்.

அன்று அந்த வீட்டில் தாயிடமும் மகனிடமும் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு வாரம் கழித்து வந்தார்கள். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் அமர்ந்தார்கள். இன்றும் அங்கேதான் அமர்கிறார்கள். முன்னால் வரும்படி அழைத்துக்கொண்டே இருக்கிறேன். போகச் சொல்ல ஒரு நொடி போதுமாயிருந்தது. அழைத்து வர நெடுநாள் ஆகிறது.

பிள்ளைகளை அரவணைத்து ஆசி வழங்கிய ஆண்டவர் இயேசு, நம் பிள்ளைகளையும் அவர்களுக்கு இடம் விடும் நம் பங்குகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.