மாலைப் பாடம்: தேவையும் எல்லையும்

 

மாலையில் பள்ளி மணி அடித்ததும் பிள்ளைகளின் பாடம் முடிந்து விளையாட்டுத் தொடங்கிய காலம் ஒன்று உண்டு. இன்று அந்த மணி மற்றொரு பள்ளியின் தொடக்கமாகிவிட்டது. கணக்கிற்கு ஓர் ஆசிரியர் வீடு, இயற்பியலுக்கு மற்றொரு வீடு என்று, புத்தகப் பையை இறக்கவும் நேரமின்றிப் பிள்ளைகள் விரைகின்றனர். நடுவணரசு 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் மாணவர்களில் 27 விழுக்காட்டினர் தனிப்பயிற்சி பெறுகின்றனர். நகரங்களில் இது 30.7 விழுக்காடு, கிராமங்களில் 25.5 விழுக்காடு. ஆகவே, டியூஷன் என்பது நகரத்துச் செல்வர் வீட்டு வழக்கம் என்று எண்ணுவதற்கு இனி இடமில்லை.

தனிப்பயிற்சியே தீது என்று கூறுவது நேர்மையாகாது. ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்கு விளங்காத பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தின் முன் திகைத்து நிற்கிறது. வகுப்பில் கை தூக்கிக் கேட்க நாணம். வீட்டில் கேட்டால் சொல்லித்தர ஆளில்லை. அத்தகைய பிள்ளைக்கு அருகில் அமர்ந்து கற்பிப்பவர் ஒருவர் வாய்த்தால் பெரும் மாறுதல் நிகழும். பெஞ்சமின் புளூம் என்னும் அமெரிக்கக் கல்வியறிஞர் 1984இல் எழுதிய கட்டுரையில், தனித்துக் கற்பிக்கப்பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் பயின்றோருள் 98 விழுக்காட்டினரை விஞ்சினார் என்று காட்டினார். பின்னர் வந்த ஆய்வுகள் அத்துணைப் பெரிய உயர்வைக் காணவில்லை. எனினும் பயன் உண்டு என்பதை அவை மறுக்கவுமில்லை.

ஆனால் புளூம் ஆராய்ந்தது ஒருவரையோ இரண்டு மூவரையோ அருகிருத்திக் கற்பிக்கும் முறையை. நாற்பது பிள்ளைகளை ஒரே கூடத்தில் அமர்த்தி, பள்ளியில் நடந்த பாடத்தையே மறுபடியும் நடத்தி, தேர்வுக்கு வரக்கூடிய வினாக்களை மனனம் செய்விப்பது தனிப்பயிற்சி ஆகாது. அது இரண்டாம் முறை நடக்கும் அதே வகுப்பு. அங்கு விளங்காதது இங்கும் விளங்காது. பிள்ளையோ, மாலையில் மீண்டும் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில் பகல் வகுப்பில் கவனம் இழக்கிறது. இரவில் களைத்து உறங்குவதால் தானே படிக்கும் நேரமும் போய்விடுகிறது. மதிப்பெண் குறைந்தால், ‘இவ்வளவு கட்டணம் செலுத்தியும் இதுதானா?’ என்ற கேள்வி பெற்றோரிடமிருந்து எழுகிறது. அந்தச் சொல் பிள்ளை மனத்தில் நெடுநாள் தங்கும். அதன்பின், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அது அஞ்சும்.

இவ்வழக்கத்தின் தீமையைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 28ஆம் பிரிவில், பள்ளி ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்தலாகாது என விதிக்கிறது. வகுப்பில் சொல்ல வேண்டியதை வீட்டில் விலைக்குச் சொல்லும் நிலை வரலாகாது என்பதே அதன் உட்பொருள்.

அவ்வாறாயின் வழி யாது? அதனைத் தமிழ்ச் சமணப் பெருமக்களுக்கு வெளியிலிருந்து எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் கற்பிக்கும் முறையையும் விரித்துரைக்கிறது. மாணாக்கன் எவ்வகையில் கொள்ள வல்லவனோ அதனை அறிந்து கற்பிக்க வேண்டும் என்பது அதன் முதன்மையான நெறிகளுள் ஒன்று. அதனினும் வியப்பானது அது கூறும் கணக்கு. ஆசிரியர் சொன்னதை நன்றாக உள்ளத்தில் கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால். எஞ்சிய அரைப் பங்கும் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருகிறது. முழுக் கட்டணத்தையும் முதற் கால் பங்கிற்கே செலவிட்டு, ஏனைய முக்கால் பங்கையும் மறந்துவிட்ட நிலையே இன்றைய டியூஷன்.

பழைய திண்ணைப் பள்ளிகளில் இந்த முக்கால் பங்கிற்கும் இடமிருந்தது. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்க்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் மேற்கொண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு வளர்த்து, 1797இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்றது.

அண்மைக் காலச் சான்றும் அருகிலேயே உண்டு. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு வகுத்த ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம், 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, அவ்வூர்த் தன்னார்வலர்களே மாலை நேரத்தில் கற்பித்தனர். கற்பித்தோரில் பெண்கள் மிகப் பலர். ஊரிலேயே ஆள் உண்டு என்பதை அத்திட்டம் மெய்ப்பித்தது.

செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வட்டாரங்களிலும், குடும்பங்கள் குடியேறிய நகரங்களிலும் இதனைச் செய்தல் அரிதன்று. மாலையில் வெறுமையாகக் கிடக்கும் கூடம் ஒன்று போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்க, கல்லூரி மாணவர்கள் கிழமைக்கு இரு மாலைகள் உதவலாம். முதல் நாளிலேயே பாடம் தொடங்காமல், பிள்ளைக்கு எந்த வகுப்பின் எந்தப் பகுதி விடுபட்டது என்று அறிதல் வேண்டும். ஒரு குழுவில் ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். பத்தாம் வகுப்பு மாணவி எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நாள்தோறும் கால்மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அதில் இருவரும் கற்பர். இருட்டுமுன் பிள்ளைகள் வீடு சேரும்படி நேரம் அமையட்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எக்குலத்தவராயினும் அங்கு இடம் பெறட்டும். ஞாயிறு விளையாட்டிற்கே உரியது.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. எத்தனை மதிப்பெண் என்று கேட்குமுன், ‘இன்று யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்தாய்?’ என்று கேட்டுப் பழகுதல் நன்று. நல்ல தனிப்பயிற்சியின் அடையாளம், சில காலத்தில் அது தேவையற்றதாகிவிடுவதே. கைபிடித்து நடத்துவது, குழந்தை தானே நடப்பதற்காகத்தான்.

அந்நிலையை ஒவ்வொரு பிள்ளையும் எய்துக! கற்பிப்போரும் கற்போரும் வாழ்க, வளர்க!