தலைமைச் சம்பளமும் கடைசிச் சம்பளமும்



தொண்டு நிறுவனத்தை நடத்துகிறவர் கைநிறையச் சம்பளம் வாங்கலாமா என்று நன்கொடையாளர் யாரிடம் கேட்டாலும் முகம் சுளிப்பார். அந்தச் சுளிப்புக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் யுனைடெட் வே அமைப்பை 1970 முதல் நடத்திய வில்லியம் அராமணி, 1992-இல் பதவி விலக நேர்ந்தது. அப்போது அவருடைய சம்பளமும் சலுகைகளுமாக ஆண்டுக்கு 4,63,000 டாலர். தொழிலாளர்கள் தங்கள் ஊதியத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த பணத்தால் வளர்ந்த அமைப்பு அது. 1995-இல் மோசடி வழக்கில் அவருக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சிறைக்குப் போனது மோசடிக்காக. ஆனால் கொடுத்தவர்கள் மனத்தில் மோசடியும் சம்பளமும் ஒன்றாகவே பதிந்தன. உள்ளூர்க் கிளைகள் பல, தலைமையகத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கை நிறுத்திவைத்தன.

நம் மண்ணில் நாம் போற்றுகிறவர்கள் வேறு மாதிரி. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி அங்கே சம்பளம் வாங்கவில்லை. அரசுப் பணியின் ஓய்வூதியத்தில் வாழ்ந்தார். டாக்டர் சாந்தா 1955-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்து, அந்த வளாகத்திலேயே எளிமையாகக் குடியிருந்து, 2021-இல் மறையும்வரை அதற்கே உழைத்தார். இருவரையும் நினைத்தாலே கை குவிகிறது. ஆனால் அவர்களைக் காட்டி இன்றைய இளைஞரிடம் ‘நீயும் குறைந்த சம்பளத்துக்கு வா’ என்கிறோமே, அங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

டாக்டர் வெங்கடசாமியின் தியாகத்துக்குப் பின்னால் மாதம் தவறாமல் வந்த ஓய்வூதியம் இருந்தது. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடாது. தொண்டு நிறுவனத்திலேயே இளமையைக் கழிக்கிற பெண்ணுக்கு அப்படி என்ன இருக்கிறது? வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவள், கல்விக் கடன், அப்பாவின் மருத்துவச் செலவு, தம்பியின் படிப்பு எல்லாம் அவள் தலையில். அவளுக்கு எவ்வளவு திறமை இருந்தாலும், நாற்பது வயதில் குறைந்த சம்பளத் தலைமைப் பதவியை ஏற்க முடியாது. அந்த நாற்காலி, சொத்தும் பின்பலமும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே போய்ச் சேரும். ஏழைகளுக்காக நடக்கிற அமைப்பில் ஏழை வீட்டிலிருந்து வந்தவர் கடைசிவரை களப்பணியாளராகவே நின்றுபோகிறார். குறைந்த சம்பளம் என்ற ஒழுக்கத்துக்கு நாம் கொடுக்கிற விலை இது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அதனால், தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரட்டிய அமெரிக்கர் டான் பலோட்டா 2013-இல் தம் புகழ்பெற்ற உரையில் வாதிட்டதுபோல, தொழில் நிறுவனத் தலைவர்களுக்கு நிகராகக் கொடு என்கிறேனா? இல்லை. சந்தையோடு போட்டியிடத் தொடங்கினால் அதற்கு மேல் வரம்பே கிடையாது. மேலும், கடையில் சரக்கு சரியில்லையென்றால் வாங்குபவர் அடுத்த கடைக்குப் போகிறார். தொண்டு நிறுவனத்தில் பணம் கொடுப்பவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர். உதவி சரியாக வந்து சேராத கிராமத்துப் பெண்ணால் தலைவரின் சம்பளத்தில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்க முடியாது.

சட்டம் என்ன செய்கிறது? வருமான வரிச் சட்டப்படி, அறக்கட்டளையின் நிறுவனருக்கோ அறங்காவலருக்கோ அவர்களின் உறவினருக்கோ நியாயத்துக்கு மீறிய சம்பளம் கொடுத்தால் வரிவிலக்குக்கே ஆபத்து. நல்ல விதி. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தமோ, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக்கியது. மருத்துவர், ஆசிரியர் சம்பளம் இதில் சேராது; அலுவலக வாடகை, கணக்கர் சம்பளம் போன்றவை சேரும். சிறிய அமைப்பில் இந்த வரம்பு முதலில் கடிப்பது கணக்கு எழுதுபவரின் சம்பளத்தைத்தான். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று விரும்பும் நாடு செய்யக்கூடிய காரியமா இது?

அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990-ஆம் படிவத்தில் தலைவரின் சம்பளத்தை எவரும் பார்க்கலாம். பிரிட்டனில் 60,000 பவுண்டுக்கு மேல் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்பதைப் பெரிய நிறுவனங்கள் ஆண்டுக் கணக்கில் காட்ட வேண்டும். இந்தியாவில் கிரெடிபிலிட்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு இன்னும் ஒரு படி மேலே போய், தலைவரின் சம்பளத்தோடு மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் ஊழியரின் சம்பளத்தையும் வெளியிடச் சொல்கிறது. இந்த நெறியை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். இரண்டு சம்பளமும் ஒரே பக்கத்தில் இருந்தால், கூட்டுபவருக்கும் காவலாளிக்கும் என்ன கொடுக்கிறோம் என்பதைத் தலைவர் ஒவ்வோர் ஆண்டும் பார்த்தே ஆக வேண்டும். உயர் சம்பளம் கடைசிச் சம்பளத்தைப்போல் பத்து மடங்கைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. அந்த வரம்புக்குள், தலைவர் குடும்பத்தோடு கவலையின்றி வாழ்வதற்கான சம்பளத்தைத் தயங்காமல் கொடுங்கள். அதை முடிவுசெய்யும் கூட்டத்தில் அவரோ அவர் உறவினரோ உட்காரக் கூடாது.

இந்த அவையில் நன்கொடை கொடுப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். அடுத்த காசோலையை எழுதுமுன் அந்த நிறுவனத்திடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: தலைவர் மாதம் என்ன வாங்குகிறார், கடைசி ஊழியர் என்ன வாங்குகிறார். பதில் சொல்லாத நிறுவனத்துக்குக் கொடுக்காதீர்கள்.